மலிவு பப்பில் காலை டிபன்: ஒரு குடும்பச் சண்டைக்குப் பின்னால் 300 வருட வரலாறு

1/
லண்டன் சோஹோ பகுதியில ஒரு பப் இருக்கு. பெயர் ‘ஜான் ஸ்னோ’. காலரா அசுத்தத் தண்ணீர் மூலமா பரவுதுன்னு வீடு வீடா போய் கணக்கெடுத்துக் காட்டின டாக்டர் அவர். எம்பிபிஎஸ்ல சமூக மருத்துவப் பாடம் எடுத்தவுடனே வர்ற முதல் பெயர்களில் ஒண்ணு. இதுல வேடிக்கை என்னன்னா, இளவயசுலயே மது தொடமாட்டேன்னு உறுதி எடுத்து, மதுவிலக்கு மேடையில பேசினவர் அவர். அவர் பெயரில்தான் இன்னைக்கு பீர் ஊத்துறாங்க.

2/
1854 ஆகஸ்ட் கடைசி. அந்தப் பப் இருக்கிற தெருவில் (அப்போ பிராட் ஸ்ட்ரீட்) காலரா. சில வாரங்களில் 600-க்கும் மேற்பட்ட சாவு. அதே தெருவில் ஒரு பீர் ஆலை. 70-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள். ஒருத்தர்கூட காலராவில் சாகலை. ஸ்னோ போய் விசாரிக்கிறார். தொழிலாளிகளுக்கு தினமும் பீர் இலவசம், தெருப் பம்புக்கு யாரும் போறதே இல்லை, ஆலைக்குள்ள தனிக் கிணறும் இருக்குன்னு முதலாளி சொல்றார்.

3/
அதுக்காக பீர் மருந்துன்னு யாரும் கிளம்பிடாதீங்க. பீர் தயாரிக்கும்போது தண்ணீர் கொதிக்குது, கிணறு வேற. அவ்வளவுதான் விஷயம். நான் சொல்ல வர்றது வேற. அந்தத் தெருவில் ‘நல்ல பேரு’ வாங்கினது பம்புத் தண்ணீர். சுவையா இருக்குன்னு தூரத்துல இருந்தெல்லாம் ஆள் விட்டு எடுத்துட்டுப் போனாங்க. உயிரை எடுத்தது அந்தத் தண்ணீர்தான். ஒரு இடத்தோட பேரு வேற, அங்க கிடைக்கிற பொருளோட சுத்தம் வேற.

4/
இது இப்போ எதுக்குன்னு கேப்பீங்க. என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா, இங்கிலாந்தில் நர்ஸ். நைட் டூட்டி முடிஞ்சதும் வார்டு ஆட்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து பக்கத்துல ஒரு மலிவு விலை பப்புல காலை டிபன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போறாங்க. முட்டை, பீன்ஸ், டோஸ்ட், காபி. யாரோ எடுத்த போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துடுச்சு. மூணு நாள் குரூப்புல வேற பேச்சே இல்லை.

5/
மூணு பேர், மூணு எதிர்ப்பு.
அத்தான்: “அது சாராயக்கடை. குடும்பப் பொம்பளை போற இடமா?”
பெரியம்மா: “அவ்ளோ சல்லிசா குடுக்கிறான்னா என்னத்தைக் கலக்கிறானோ.”
காலேஜ் படிக்கிற அக்கா பையன்: “அம்மா, அந்த விலைக்குப் பின்னாடி யாரோட சம்பளத்துல கை வைக்கிறாங்கன்னு யோசிச்சியா?”
அக்கா பதில் ஒரே வரி: “பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வர்றேன். பசிக்குது.”

6/
12 மணி நேர டூட்டி முடிஞ்ச பசி என்னன்னு எனக்குத் தெரியும். அதனால நான் யார் பக்கம்னு ஒளிக்கப் போறதில்லை. ஆனா படிக்கப் படிக்க ஒரு விஷயம் புரிஞ்சது. இந்த மூணு எதிர்ப்பும் நம்ம குடும்பம் கண்டுபிடிச்சது இல்லை. இங்கிலீஷ்காரக் குடும்பங்களே 300 வருஷமா இதே மூணு வார்த்தையை வெச்சு சண்டை போட்டிருக்காங்க. மூணுமே ஒரு காலத்துல உண்மையான காரணத்தோட வந்தவை. அந்தக் கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா வாங்க.

7/
முதல்ல பப்னா என்ன? நம்ம ஊர்ல பப்னா விளக்கு மின்ன, பாட்டு அலற, இளவட்டம் ஆடுற இடம்னு நினைப்பு. அங்க அது ‘பப்ளிக் ஹவுஸ்’ங்கிற பேரோட சுருக்கம், பொது வீடு. தெருமுனையில் இருக்கிற கூடம். பீர் உண்டு, பல இடங்களில் சாப்பாடும் உண்டு. கல்யாணம் பேசுறது, கட்சிக் கூட்டம், சாவு வீட்டுக்கு அப்புறம் கூடுறதுன்னு எல்லாம் அங்கதான். நம்ம டீக்கடை பெஞ்சு செய்ற வேலையில பாதியை அது செய்யும்.

8/
சரி, அத்தானோட எதிர்ப்புக்கு வருவோம். 1700-களின் முதல் பாதியில் லண்டனில் ஜின் வெள்ளம். பீரை விட பல மடங்கு காட்டமான சரக்கு, விலையோ அடிமட்டம். பலசரக்குக் கடையிலகூட ஊத்திக் கொடுத்தாங்க. 1726-ல் லண்டன் மருத்துவர் கல்லூரி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுக்குது: இந்தச் சாராயம் ஆட்களை மட்டும் கெடுக்கலை, குடிக்கிற தாய்மாருக்குப் பிறக்கிற குழந்தைகளும் நோஞ்சானா பிறக்குதுன்னு.

9/
இதைப் படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு. கர்ப்பத்துல மது குடிச்சா குழந்தைக்கு வர்ற பாதிப்புத் தொகுப்புக்கு மருத்துவம் முறையா பேர் வெச்சதே 1973-ல்தான். கிட்டத்தட்ட 250 வருஷம் முன்னாடியே டாக்டர்கள் கண்ணால பார்த்து எழுதியிருக்காங்க. 1751-ல் ஓவியர் வில்லியம் ஹோகார்த் ரெண்டு படம் வெளியிட்டார். ஒண்ணு ஜின் சந்து: சாவு, பட்டினி, கையிலிருந்து நழுவி விழுற குழந்தை. இன்னொண்ணு பீர் தெரு: எல்லாரும் கொழுகொழுன்னு சந்தோஷமா. அதே வருஷம் ஜின் விற்பனைக்குக் கடிவாளம் போட சட்டம் வந்தது.

10/
ஜின் கெட்டது, பீர் நல்லதுங்கிற நினைப்பு ரொம்ப நாள் ஓடுச்சு. 1830-ல் அரசே ஒரு சட்டம் போட்டு, வரி கட்டுற யாரும் ரெண்டு கினி கட்டணத்துல லைசென்ஸ் வாங்கி வீட்டுலயே பீர் விக்கலாம்னு திறந்துவிட்டது. மூலைக்கு மூலை பீர் வீடு முளைச்சுது. ரெண்டே வருஷத்துல எதிர்வினை. 1832-ல் பிரஸ்டன் ஊரில் ஜோசப் லிவ்சே தலைமையில் ஏழு பேர், ஜின் மட்டும் இல்லை, பீரும் தொடமாட்டோம்னு கையெழுத்துப் போட்டாங்க. முழு மதுவிலக்கு இயக்கத்தோட பெரிய அலை அங்கேருந்துதான் கிளம்பியது.

11/
அந்த அலை தேவாலயம் வழியா வீட்டுக்குள்ள வந்தது. மெத்தடிஸ்ட் மாதிரியான சபைக் குடும்பங்களில் பப் வாசலை மிதிக்காததே கௌரவத்தோட அளவுகோல் ஆச்சு. வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை பப்பை மூட 1881-ல் சட்டமே வந்தது. அப்புறம் பகுதி பகுதியா வாக்கெடுப்பு வெச்சு அதைத் தளர்த்தினாங்க. கடைசிப் பகுதி 1996 வரைக்கும் தாக்குப் பிடிச்சது. ஆக, ‘நம்ம குடும்பம் அங்க போகாது’ங்கிற வார்த்தை சென்னையிலயோ மதுரையிலயோ பிறக்கலை. வெள்ளைக்காரப் பாட்டிகள் சொன்னதுதான்.

12/
அதுல நியாயம் இல்லாமலும் இல்லை. வாரக் கூலி வாங்கின கையோட புருஷன் பப்புக்குப் போனா, வீட்டுல அடுப்பு எரியாது. கேஷுவாலிட்டி டூட்டி பார்க்கிற எந்த டாக்டரும் அந்தப் பெண்கள் கோபத்தைக் குறை சொல்ல மாட்டாங்க. ஆனா அதே கோபம் வழியில எங்கயோ தடம் மாறுச்சு. குடிக்கிறவன் மேல இருந்த கோபம், கதவைத் திறந்து உள்ள போற பெண் மேல சந்தேகமா திரும்பிடுச்சு. குடிச்சவனுக்குக் கெட்ட பேரு கொஞ்சம், உள்ள உட்கார்ந்திருந்தவளுக்கு முழுசா.

13/
எவ்வளவு நாள் நீடிச்சதுன்னு தெரியுமா? லண்டன் ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் பத்திரிகைக்காரர்களும் வக்கீல்களும் கூடுற எல் வினோன்னு ஒரு மது அரங்கு. பெண்கள் கவுண்டர்ல நின்னு வாங்கக் கூடாது, பின்னாடி மேசையில உட்கார்ந்தா கொண்டு வந்து தருவோம்னு விதி. டெஸ் கில் என்ற வக்கீலும் அன்னா கூட் என்ற பத்திரிகையாளரும் வழக்குப் போட்டாங்க. அது பாகுபாடுதான்னு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன வருஷம் 1982. மார்கரெட் தாட்சர் பிரதமரா இருக்காங்க, ஆனா ஒரு பெண் கவுண்டர்ல நிக்க கோர்ட் உத்தரவு தேவைப்பட்டிருக்கு!

14/
அடுத்து பெரியம்மாவோட சந்தேகம்: ‘சல்லிசுன்னா கலப்படம்’. இதுக்கும் பலமான வரலாறு உண்டு. 1820-ல் ஃபிரெட்ரிக் அக்கம் என்ற வேதியியலாளர் லண்டன் கடைச் சாப்பாட்டில் கிடக்கிற விஷங்களைப் பட்டியல் போட்டு புத்தகமே எழுதினார். 1851 முதல் 1854 வரை டாக்டர் ஆர்தர் ஹில் ஹாசல் மைக்ரோஸ்கோப்பை வெச்சுக்கிட்டு கடை கடையா வாங்கின சாம்பிளைப் பரிசோதிச்சார். ‘லான்செட்’ மருத்துவ இதழ் முடிவுகளை வியாபாரிகள் பேர், முகவரியோட வெளியிட்டது. ரொட்டியில் படிகாரம், மிளகாய்த்தூளில் சிவப்பு ஈயம், ஊறுகாயில் செம்பு.

15/
1858-ல் பிராட்ஃபோர்டு ஊரில் நடந்தது இன்னும் கொடுமை. சர்க்கரை விலை அதிகம். அதனால மிட்டாய்க்காரங்க ஜிப்சம் மாதிரி ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து செலவைக் குறைப்பாங்க. பொடி வாங்கப் போன இடத்துல ஆள் மாறி ஆர்சனிக்கை எடை போட்டுக் கொடுத்துட்டாங்க. சந்தையில் அந்த மிட்டாய் வாங்கிச் சாப்பிட்டதில் சுமார் 20 பேர் சாவு, 200 பேருக்கு மேல சீரியஸ். மலிவு மிட்டாயை வாங்கினது யாரு? கூலிக்காரங்களும் அவங்க குழந்தைகளும்.

16/
1860-ல் முதல் கலப்படத் தடைச் சட்டம், அது பல் இல்லாத சட்டம். 1875-ல் வந்த உணவு, மருந்து விற்பனைச் சட்டம்தான் உண்மையில் கடித்தது. பரிசோதகர் சாம்பிள் எடுப்பார், ஆய்வாளர் சோதிப்பார், அபராதம் விழும். இன்னைக்கு நம்ம ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலர் செய்ற வேலையோட முன்மாதிரி அதுல இருக்கு. ஆக பெரியம்மா மாதிரி சந்தேகப்பட்டவங்களால்தான் சட்டமே வந்தது. சந்தேகம் தப்பில்லை. சந்தேகத்தோட நின்னுடுறதுதான் தப்பு.

17/
இப்போ இந்த இழையில எனக்கு ரொம்ப முக்கியமான கதை. 1900-ஆம் வருஷம், மான்செஸ்டர் வட்டாரம். ஏழைகள் ஆஸ்பத்திரியில கால் எரிச்சல், மரத்துப் போற பாதம், நடக்க முடியாத பலவீனம்னு நோயாளிகள் குவியுறாங்க. கேட்டா எல்லாரும் குடிக்கிறவங்க. டாக்டர்கள் உடனே எழுதிட்டாங்க: மதுவால வந்த நரம்பு அழற்சி. குடிகாரனுக்குக் குடிகார நோய். கேஸ் முடிஞ்சது.

18/
ஒருத்தர் மட்டும் முடிக்கலை. டாக்டர் எர்னஸ்ட் ரெய்னால்ட்ஸ். அவர் ரெண்டு விஷயத்தைக் கவனிச்சார். ஒண்ணு, இவங்க எல்லாரும் பீர் குடிக்கிறவங்க. அதைவிட காட்டமான சாராயம் குடிக்கிறவங்களுக்கு இது வரலை. மதுதான் காரணம்னா தலைகீழா இருக்கணுமே? ரெண்டாவது, தோல் கருக்குது, உள்ளங்கை உள்ளங்கால் தடிக்குது, அக்கிப்புண் வழக்கத்தை விட அதிகமா வருது. இது மதுவோட முகம் இல்லை, ஆர்சனிக்கோட முகம். நோயாளிகள் குடிச்ச பீரையே வாங்கி சோதிச்சார். ஆர்சனிக் இருந்தது.

19/
எப்படி வந்தது? மலிவு பீரில் பார்லி மால்ட்டைக் குறைச்சு, ஆலையில் செஞ்ச சர்க்கரையைச் சேர்ப்பாங்க. அந்தச் சர்க்கரை செய்ய கந்தக அமிலம் வேணும். சப்ளை ஆன அமிலத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. பாதிப்பு 6,000 பேருக்கு மேல், சாவு 70-க்கும் மேல். விசாரிக்க விஞ்ஞானி லார்ட் கெல்வின் தலைமையில் அரசு கமிஷன் போட்டாங்க. உணவில் எவ்வளவு ஆர்சனிக் வரைக்கும் அனுமதிக்கலாம்னு வரம்பு பேசப்பட்டதே அதுக்கப்புறம்தான்.

20/
இதுல பெரியம்மாவுக்கும் பாடம் இருக்கு, எங்க டாக்டர்களுக்கும் பாடம் இருக்கு. ‘மலிவுல விஷம்’ங்கிற பயம் இங்க நிஜமாச்சு. ஆனா அந்த விஷத்தைக் கண்டுபிடிக்கத் தடையா நின்னதும் இன்னொரு ஏளனம்: ‘குடிகாரன்தானே’. அந்த ஏளனம் டாக்டரோட கண்ணையே மறைச்சுடுச்சு. பப்புக்குப் போனவன்னு முடிவு பண்ணினதும் அவனைப் பரிசோதிக்கிறதை நிறுத்திட்டாங்க. அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிற எனக்கு இது 1900 கதையா தெரியலை.

21/
ஏழைக்கு சுத்தமான, மலிவான சாப்பாடு கொடுக்க வேற முயற்சிகளும் நடந்தது. 1864-ல் ஏபிசி என்ற ரொட்டிக் கம்பெனி லண்டனில் டீக்கடை திறந்தது. 1894-ல் லயன்ஸ் கம்பெனி பிக்காடில்லியில் முதல் டீக்கடை. மது கிடையாது, ஊருக்கு ஊர் ஒரே விலை, பளிச்சுன்னு துடைச்ச மேசை. ஆண் துணை இல்லாம ஒரு பெண் தனியா உட்கார்ந்து சாப்பிட்டாலும் யாரும் ஒரு மாதிரி பார்க்காத இடம். ஆபீஸ் வேலைக்குப் போக ஆரம்பிச்ச பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

22/
முதல் உலகப்போர்ல இன்னொரு விசித்திரம். ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னாவில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் சாயங்காலம் பக்கத்து ஊர் கார்லைலுக்கு வந்து குடிச்சு விழ, 1916-ல் அரசாங்கமே அந்த வட்டார பப்களையும் பீர் ஆலைகளையும் எடுத்துக்கிச்சு. அதுல முதல்ல புதுசா திறந்தது கிரெட்னா டேவர்ன், பழைய தபால் ஆபீஸ் கட்டடத்துல. குடியை விட சாப்பாட்டைத் தள்ளுங்கன்னுதான் கொள்கை. மேனேஜருக்கு பீர் வித்தா கமிஷன் இல்லை. இந்த ஏற்பாடு 1970-கள் வரைக்கும் ஓடுச்சு.

23/
ரெண்டாம் உலகப்போர்ல ‘பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்’. 1940-ல் குண்டுவீச்சுல வீடும் அடுப்பும் இழந்தவங்களுக்காக உள்ளாட்சிகள் நடத்தின பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள். ரேஷன் கூப்பன் வேண்டாம், சுமார் 9 பென்ஸுக்கு ஒரு சாப்பாடு. உச்சத்துல 2,000-க்கும் மேற்பட்ட கூடங்கள். முதல்ல ‘பொது உணவு மையம்’னு பேர் வெச்சிருந்தாங்க. சர்ச்சிலுக்கு அந்தப் பேர் பிடிக்கலை, தர்மக் கஞ்சி மாதிரி இருக்குன்னு மாத்தினார். சாப்பாடு அதேதான். பேரு மாறினதும் குமாஸ்தாவும் கூலிக்காரரும் கூச்சம் இல்லாம ஒரே வரிசையில நின்னாங்க.

24/
இனி இப்போதைய மலிவு பப்புக்கு வருவோம். இதுல பெரிய பேரு வெதர்ஸ்பூன். 1979-ல் வடக்கு லண்டன் மஸ்வெல் ஹில்லில் டிம் மார்ட்டின் என்ற சட்டப் படிப்புக்காரர் ஒரே ஒரு பப்போட தொடங்கினார். நியூசிலாந்தில் தனக்குப் பாடம் எடுத்த, வகுப்பை அடக்கத் தெரியாத ஒரு வாத்தியார் பேரைத்தான் கடைக்கு வெச்சாராம். பாட்டுச் சத்தம் கிடையாது, நாள் முழுக்க சாப்பாடு, விலை குறைவு. இன்னைக்கு சுமார் 800 பப்கள். இவர்களே பல கடைகளுக்கு வெச்ச ‘தி மூன் அண்டர் வாட்டர்’ங்கிற பேரு, 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல் தன் கனவு பப் பற்றி எழுதின கட்டுரையில இருந்து எடுத்தது.

25/
இந்த மாதிரி சங்கிலிகள் வளர ரெண்டு சட்டம் கை கொடுத்தது. 1988 வரைக்கும் பப்கள் மத்தியானம் சில மணி நேரம் மூடியே ஆகணும். முதல் உலகப்போர்க் காலத்து விதி அது. அது போனதும் நாள் முழுக்க சாப்பாடு போடலாம்னு ஆச்சு. 1989-ல் அடுத்தது: பெரிய பீர் கம்பெனிகள் 2,000-க்கு மேல வெச்சிருந்த பப்களில் பாதியைத் தங்கள் பிடியிலிருந்து விடணும்னு உத்தரவு. சந்தை திறந்துச்சு. காலியான சினிமா தியேட்டர், பேங்க், தபால் ஆபீஸ் கட்டடங்கள் பப் ஆச்சு.

26/
விலை எப்படிக் குறையுது? மாயம் ஒண்ணும் இல்லை. மொத்தமா வாங்குறது, பெரிய கூடம், வாடிக்கையாளரே கவுண்டர்ல போய் இல்லைன்னா மொபைல்ல ஆர்டர் கொடுக்கிறது, சமையலில் பெரும்பகுதி முன்கூட்டியே தயாராகி வர்றது, அதை எல்லா ஊர்லயும் ஒரே மாதிரி சூடாக்கிப் போடுறது. காலையிலேயே திறந்து டிபன் போடுறதால கட்டடம் ஒரு நிமிஷம்கூட சும்மா இருக்கிறதில்லை. கலப்படத்துக்கு இதுல அவசியமே இல்லை. கலப்படம் பண்ணினா 800 கடையும் ஒரே நாள்ல பேர் கெட்டுப் போகும்.

27/
ஆனா அக்கா பையன் கேட்ட கேள்வி இருக்கே, அது லேசுப்பட்டதில்லை. ஹோட்டல், பப் வேலை வரலாறு முழுக்கவே குறைந்த சம்பளம்தான். 1943-ல், போர் நடுவுல, தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் உணவகத் தொழிலாளிகள் சம்பளத்துக்குன்னே தனிச் சட்டம் கொண்டு வந்தார். நாடு முழுக்க எல்லாத் தொழிலுக்கும் குறைந்தபட்ச ஊதியம் 1999 ஏப்ரலில்தான் வந்தது. வாடிக்கையாளர் கொடுக்கிற டிப்ஸை முதலாளி எடுத்துக்கக் கூடாது, முழுசா தொழிலாளிக்கேன்னு சட்டம் அமலானது 2024 அக்டோபரில்!

28/
சங்கிலி பப் முதலாளிகள் மேல அரசியல் கோபமும் உண்டு. டிம் மார்ட்டின் 2016 பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் வெளிப்படையா ஒரு பக்கம் நின்று, டம்ளருக்கு அடியில வைக்கிற அட்டையிலகூட பிரசாரம் அச்சடிச்சார். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக பப்கள் மூடினப்போ ஊழியர் சம்பள விஷயத்துல கடுமையான விமர்சனம் வந்தது. இதை வெச்சு ‘அங்க நான் சாப்பிட மாட்டேன்’னு ஒருத்தர் சொன்னா, அது மரியாதைக்குரிய முடிவு. ஆனா ஒரு நிபந்தனை. அதே கேள்வியை விலை அதிகமான ரெஸ்டாரன்ட் கிச்சன்லயும் கேட்கணும். பில் பெருசா இருந்தா பாத்திரம் கழுவுறவருக்கு சம்பளம் பெருசா இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்லை.

29/
இப்போ டாக்டரா நான் சொல்லக் கூடியது. சுத்தத்தைப் பற்றி ஊகிக்க வேண்டியதே இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ், வடக்கு அயர்லாந்தில் ஒவ்வொரு உணவகத்துக்கும் 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் உண்டு. உள்ளாட்சி அதிகாரி வந்து பார்த்துப் போடுறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். வேல்ஸிலும் வடக்கு அயர்லாந்திலும் வாசலில் ஒட்டியே ஆகணும். மேசை விரிப்பையும் பில் தொகையையும் பார்த்து சுத்தத்தை எடை போடாதீங்க, அந்த நம்பரைப் பாருங்க. மலிவு கடைக்கு 5 இருக்கலாம், ஆடம்பரக் கடைக்கு 2 இருக்கலாம்.

30/
சத்து விஷயத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். முழு இங்கிலீஷ் டிபன் தட்டில் பன்றி இறைச்சி பேக்கன், சாசேஜ் இருக்கும். பதப்படுத்தின இறைச்சியை 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள்னு வகைப்படுத்திடுச்சு. உப்பும் ஜாஸ்தி. தினமும் அது வேண்டாம். முட்டை, பீன்ஸ், தக்காளி, காளான், டோஸ்ட் போதும். 2022 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் 250 அல்லது அதுக்கு மேல ஊழியர் உள்ள உணவக நிறுவனங்கள் மெனுவில் கலோரி போடணும். அதைப் படிச்சுட்டு ஆர்டர் பண்ணுங்க.

31/
மது பற்றி: அது அங்க கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம்கிறது 2016 முதல் பிரிட்டன் அரசு ஆலோசனை. குடியே இல்லாம இருக்கிறது அதைவிட நல்லது. நைட் டூட்டி முடிச்சு ‘தூக்கம் வர ஒரு கிளாஸ்’ங்கிற பழக்கம் மட்டும் கூடவே கூடாது, அது தூக்கத்தையே கெடுக்கும். குடியை விட்டுட்டு மீண்டு வர்றவங்களுக்கு பப் சரியான இடம் இல்லை, அங்க டீ மட்டும் குடிச்சாலும்கூட. அவங்க வீட்டார் ‘போகாதே’ன்னு சொன்னா அது பிடிவாதம் இல்லை, பாதுகாப்பு.

32/
மத்தபடி, காலை எட்டு மணிக்கு அந்தக் கூடத்துல யார் உட்கார்ந்திருக்காங்க? ஷிப்ட் முடிஞ்ச நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், ஹீட்டர் செலவுக்குப் பயந்து வீட்டுல இருக்க முடியாத பென்ஷன்காரர், மனைவி போனதுக்கப்புறம் பேச ஆளில்லாத தாத்தா. ஒரு காபி வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுப்பிவிடாத இடம். தனிமை உடம்பைத் தின்னும்ங்கிறதை நாங்க ஓபியில தினமும் பார்க்கிறோம்.

33/
அதனால குடும்பத்துல இந்தச் சண்டை வந்தா, கோபப்படுறதுக்கு முன்னாடி கேள்வியைப் பிரிச்சுக்கோங்க.
சுத்தம் பற்றிய பயமா? பார்த்துச் சொல்ல நம்பர் இருக்கு.
குடி பற்றிய பயமா? அந்த ஆள் குடிக்கிறாரான்னு பாருங்க, எந்தக் கதவு வழியா போனார்னு பார்க்காதீங்க.
தொழிலாளி சம்பளம் பற்றியா? நல்ல கேள்வி, எல்லாக் கடையிலும் கேளுங்க.
இந்த மூணும் இல்லாம, ‘நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க’ மட்டும்தான் மிச்சம்னா, அது ஆரோக்கியம் பற்றிய கவலையே இல்லை.

34/
ஜின் சந்து போச்சு, சிவப்பு ஈயம் போச்சு, ஆர்சனிக் பீர் போச்சு. ஒவ்வொண்ணையும் ஒரு சட்டமோ ஒரு பரிசோதனையோ துரத்திச்சு. ஏளனத்தைத் துரத்த மட்டும் எந்தச் சட்டமும் வரலை. அதை வீட்டுக்குள்ள நாமதான் செய்யணும். பசியோட மலிவான இடத்துல உட்கார்ந்து சாப்பிடுறவங்களைப் பார்த்தா, ‘நல்லா சாப்பிட்டியா?’ன்னு கேளுங்க. அதுக்கப்புறம் வேணும்னா வரலாறு பேசலாம்.

உங்க வீட்டுல ‘அங்கெல்லாம் சாப்பிடக் கூடாது’ன்னு சொன்ன இடம் எது, அதுக்குச் சொன்ன காரணம் என்னன்னு எழுதுங்க. டூட்டி முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்.